இரண்டு வட்டங்கள்



பிள்ளைகள் உறங்கிய பின்னர்தான் எமது கவலைகள் விழித்துக்கொள்கின்றன. கட்ட வேண்டிய கடன், கூரை ஒழுக்கு, மகளின் படிப்பு, திரும்பி வராதவரின் நினைவு என்று எல்லாமே ஒன்றுசேர்ந்து நெஞ்சை அழுத்தும். எதில் தொடங்குவது என்று தெரியாமலே பொழுதும் விடிந்துவிடும்.

அமெரிக்கரான ஸ்டீபன் கோவே 1989 இல் வெளியிட்ட நூல் ஒன்று ஏழு நல்ல பழக்கங்களைப் பற்றிக் கூறுகிறது. பிறர் வந்து செய்வார்கள் என்று காத்திராமல், இயன்றதை நாமே முன்வந்து தொடங்குவது அவற்றுள் முதலாவது. அதற்கு அவர் ஓர் எளிய வழியையும் காட்டுகிறார்.

பழைய கொப்பி ஒன்றில் பெரிய வட்டம் ஒன்றை வரையுங்கள். அதற்குள்ளே சிறிய வட்டம் ஒன்றையும் வரையுங்கள். மனதை வருத்தும் எல்லாவற்றையும் பெரிய வட்டத்தில் எழுதுங்கள். அவற்றில் நீங்கள் ஏதாவது செய்யக்கூடியவற்றைச் சிறிய வட்டத்தில் எழுதுங்கள்.

மரக்கறி விலை பெரிய வட்டத்துக்குரியது. முற்றத்தில் நாலு கத்தரிக் கன்று நடுவது சிறிய வட்டத்துக்குரியது. ஊராரின் வாயை எம்மால் மூட முடியாது. ஆனால், கடன் தர வருபவரிடம் மொத்த வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேட்கலாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனுக்குக் கையொப்பமிடாமல் இருக்கலாம். சிறிய வட்டத்தில் உழைப்பவருக்கு அது நாளடைவில் பெருகும் என்கிறார் கோவே. பெரிய வட்டத்தையே பார்த்து ஏங்கினால் சிறியதும் சுருங்கிவிடும்.

இழப்பை அறியாதவர் சொல்லும் புத்திமதிதானே என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பழக்கத்தை விளக்குவதற்குக் கோவே எடுத்துக்கொண்டது வியன்னா நகர வைத்தியர் விக்டர் பிராங்கிளின் வாழ்க்கையை. யூதரான அவர் 1942 இல் மனைவியுடனும் பெற்றோருடனும் நாசிகளின் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் மனைவியிடமிருந்து பிரிக்கப்பட்டார். அவர் உயிருடன் இருக்கிறாரா என்று தெரியாமலே, மனதுக்குள் அவருடன் கதைத்தபடி நாட்களைக் கடத்தினார். 1945 இல் விடுதலையாகி ஊர் திரும்பிய பின்னரே மனைவியும் தாயும் இறந்ததை அறிந்தார். எல்லாம் பறிபோன பின்னும், நடந்ததற்கு எப்படி முகங்கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை தன்னிடம் எஞ்சியிருப்பதை அவர் கண்டார். அவருடைய சிறிய வட்டம் அவ்வளவுதான்.

பெரிய வட்டத்தில் உள்ளதைக் கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். காணாமற்போனவருக்கு என்ன நடந்தது என்ற பதில் எமது கையில் இல்லை; அதைச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. ஆனால் முறைப்பாட்டுப் பிரதிகள், அடையாள அட்டை இலக்கம், புகைப்படம், அலுவலகங்களுக்குப் போன திகதிகள் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் உறையில் நனையாமல் வைத்திருப்பது எமது கையில் இருக்கிறது. அடுத்த முறை தனியே அலையாமல், இதே துயருள்ள அயல் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

இன்றிரவே வட்டங்களை வரையுங்கள். கொப்பி இல்லையென்றால் முற்றத்து மணலில் தடியால் கீறினாலும் போதும். சிறிய வட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து இந்தக் கிழமைக்குள் செய்து முடியுங்கள். அடுத்த கிழமை இன்னொன்று. கவலை முழுவதும் ஓடிவிடாது. ஆனால் விடியும்போது எதில் தொடங்குவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.