மோட்டாரை விடுங்க, இறக்கையைப் பாருங்க



ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நல்லா ஓடிட்டு இருக்குற ஒரு மோட்டாரை, "உள்ள என்னதான் இருக்கு"ன்னு பார்க்குறதுக்காக மட்டும் நீங்க கடைசியா எப்ப கழட்டினீங்க? மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சும் நான் ஒண்ணைக்கூடக் கழட்டினதில்ல. போன வருஷம்தான் முதல் தடவையா கழட்டினேன். அதுவும் காலேஜ் லேப்ல இல்ல, வீட்ல இருக்குற மீன் தொட்டியில. அந்த ஒரு பம்ப் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை வச்சு, நாம ப்ராஜெக்ட் பண்ற விதத்தைப் பத்தி ஒரு கருத்து சொல்லலாம்னு இருக்கேன். ஒத்துக்கலைன்னா கேன்டீன்ல வந்து சண்டை போடுங்க.

என்கிட்ட இருக்குறது 200 லிட்டர் உப்புத்தண்ணி தொட்டி. சென்னை கொளத்தூர்ல வாங்கின ரெண்டு கிளௌன் மீன், ஒரு அனிமோன் (கடல் சாமந்தின்னு சொல்வோமே, அது), சிமென்ட்ல வார்த்துப் பல வாரம் ஊறவச்ச பாறைகள். "பவளம் எங்கடா?"ன்னு கேட்பீங்க. கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. உயிரோட இருக்குறது மட்டுமில்ல, செத்த எலும்புக்கூட்டை வாங்குறதும் விக்கிறதும்கூடக் குற்றம். கடையில யாராவது நீட்டினா "வேண்டாம்"னு சொல்லிட்டு வந்துடுங்க. மன்னார் வளைகுடாவுல இருக்குறது அங்கயே இருக்கட்டும்.

ரீஃப் தொட்டியில உப்பு, வெளிச்சம் மாதிரியே நீரோட்டமும் முக்கியம். அனிமோனும் பவளமும் இரைக்காக ஓட முடியாது. ஆக்ஸிஜனும் சாப்பாடும் தண்ணி கொண்டுவந்து கொடுக்கணும், கழிவைத் தண்ணிதான் எடுத்துட்டுப் போகணும். அசையாத தண்ணியில அதோட உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய படலம் தேங்கி நிக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணோமே, பவுண்டரி லேயர், அதுவேதான். ஓட்டம் நல்லா இருந்தா அந்தப் படலம் மெலிசாகும், பரிமாற்றம் வேகமா நடக்கும். மணிக்கு தொட்டி அளவுல 20 மடங்கோ அதுக்கு மேலயோ தண்ணி சுத்தணும்னு ஹாபியிஸ்ட்கள் ஒரு கைக்கணக்கு வச்சிருக்காங்க. எனக்கு அது 4,000 லிட்டர்.

என் பவர்ஹெட் பம்ப் பெட்டியில போட்டிருந்தது மணிக்கு 1,100 லிட்டர், 20 வாட். ஓட விட்டா ஒரே நேர்கோட்டுல பீச்சி அடிக்கும். எதிர்ல இருக்குற அனிமோன் சுருங்கிடும், ஆனா பாறைக்குப் பின்னாடி குப்பை அப்படியே படிஞ்சு கிடக்கும்.

இன்னும் மூணு பம்ப் வாங்கிப் போடலாம்னுதான் யாருக்கும் முதல்ல தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா தண்ணிக்குள்ள முங்கி ஓடுற பம்ப் இழுக்குற கரண்ட் மொத்தமும் கடைசியில தண்ணியிலயே சூடா சேரும். நாலு பம்ப்னா 80 வாட். சென்னை மே மாசத்துல அது தொட்டி இல்ல, ரசம்.

அப்பதான் ஒரு பழைய கதை தெரிய வந்துச்சு. 2000களோட நடுவுல அமெரிக்க ரீஃப் ஹாபியிஸ்ட்கள் மேக்ஸி-ஜெட் 1200னு ஒரு பம்பை எடுத்து, முன்னாடி இருக்குற மூடியையும் இம்பெல்லரையும் கழட்டிட்டு, பொம்மைப் படகோட ப்ரொப்பெல்லரை மாட்டியிருக்காங்க. மோட்டார் அதேதான், ஆனா ஓட்டம் பல மடங்கு. பிறகு அதுக்குன்னே கிட் செஞ்சு விக்கிற அளவுக்கு அது பரவிடுச்சு.

இது எப்படி நடக்கும்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்தேன். (ஆமா, பரீட்சை முடிஞ்ச பிறகு எடுத்தேன். சிரிக்காதீங்க.) செண்ட்ரிஃப்யூகல் இம்பெல்லர் இருக்குறது அழுத்தம் கொடுக்க, அதாவது தண்ணியை மேல ஏத்த. தொட்டிக்குள்ளயே இங்க எடுத்து அங்க விடுற வேலைக்கு ஏத்த வேண்டிய உயரம் பூஜ்யம். ஹோஸ் பைப் வாயில கட்டைவிரலை வச்சு அழுத்துற மாதிரி, அந்தப் பம்ப் வேகத்தைக் கூட்டி அளவைக் குறைக்குது. வேகம் கூடினா ஆற்றல் செலவு அதோட வர்க்கத்துல ஏறும். தள்ளுவிசையோ நேர்விகிதத்துலதான் ஏறும். அதனால ஒரே ஆற்றலுக்கு, கொஞ்சம் தண்ணியை வேகமா தள்ளுறதை விட நிறைய தண்ணியை மெதுவா தள்ளுறதுதான் லாபம். சீலிங் ஃபேன் இறக்கை அவ்வளவு நீளமா இருக்குறதுக்கும் இதே காரணம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பம்போட வாய் 13 மி.மீ. மணிக்கு 1,100 லிட்டர்னா தண்ணி நொடிக்கு 2.3 மீட்டர் வேகத்துல வருது. அந்த ஓட்டத்தோட ஆற்றல் 0.8 வாட்தான். உள்ள போறது 20 வாட்! அதே 0.8 வாட்டை 40 மி.மீ. வாய் வழியா விட்டா வேகம் பாதிக்கும் கீழ இறங்கும், ஓட்டம் மணிக்கு 4,900 லிட்டர் ஆகும். கிட்டத்தட்ட நாலரை மடங்கு. இது இழப்பே இல்லாத கணக்கு, நிஜத்துல குறையும். ஆனா எந்தப் பக்கம் போகணும்னு காட்டிடுச்சு.

செஞ்சு பார்த்தப்ப நோட்டுல இல்லாத பாடம் நிறைய வந்துச்சு. முதல்ல கிடைச்ச ப்ரொப்பெல்லர் பித்தளை. பித்தளையில செம்பு இருக்கு, முதுகெலும்பில்லாத உயிருக்குச் செம்பு விஷம். அதைத் தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக்குக்கு மாறினேன். அடுத்து வாங்கினது ரொம்பப் பெருசு. இந்த மோட்டார் சிங்க்ரனஸ் வகை. நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுல நிமிஷத்துக்கு 3,000 சுத்து, இல்லன்னா சுத்தவே சுத்தாது. பாரம் கூடினா மெதுவாகாது, உதறிட்டு நின்னுடும். மூணாவதுதான் பொருந்துச்சு.

அளக்குறதுக்கு அம்மாவோட கிச்சன் தராசை எடுத்தேன். பம்பை ஒரு ஊஞ்சல் கம்பியில கட்டி, அது தள்ளுற விசை தராசுல அழுத்துற மாதிரி வச்சேன். மாத்துறதுக்கு முன்னாடி 65 கிராம், மாத்தின பிறகு 118 கிராம். இதை ஓட்டமா மாத்தினா மணிக்கு சுமார் 1,050லருந்து 4,300 லிட்டர். வாட் மீட்டர் ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல. நாலு வருஷத்துல முதல் தடவையா "நான் இன்ஜினியர்"னு தோணுச்சு.

பத்து நாள்தான்.

பதினோராவது நாள் காலையில எழுந்து பார்த்தா தொட்டி பால் மாதிரி இருந்துச்சு. அனிமோன் ஒரே இடத்துல நிக்காது, இடம் பிடிக்கலைன்னா நகரும். ராத்திரி நகர்ந்து போய் ப்ரொப்பெல்லர்ல மாட்டிடுச்சு. மூடியைக் கழட்டின நான் அதுக்குப் பதிலா ஒரு வலைகூடப் போடல. அனிமோன் துண்டு துண்டா போய், தண்ணி கெட்டு, ஒரு கிளௌனும் செத்துடுச்சு. இன்னொண்ணை வாளியில போட்டு எப்படியோ காப்பாத்தினேன். வாட், கிராம், லிட்டர் எல்லாம் அளந்தவன், பக்கத்துல ஒரு உயிர் இருக்குங்குறதைக் கணக்குல சேர்க்கல. யாரையும் குறை சொல்ல வழியில்ல. டிசைன் என்னோடது, தப்பும் என்னோடது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். இதையே ப்ராஜெக்ட்டா பண்ணலாம்னு முதல் ரிவ்யூல சொன்னேன். வந்த கேள்வி, "இதுல ஐஓடி எங்க? ஏஐ எங்க?" நண்பர்களும் அதையேதான் சொன்னாங்க: "ஒரு சென்சார் போட்டு ஆப்ல காட்டுடா, மார்க் வரும்." எனக்கு சென்சார் மேல கோபம் ஒண்ணும் இல்ல. கரண்ட் போய் வரும்போது இந்த மோட்டார் சில சமயம் எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிக்கும். நேரான இறக்கைக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான், ப்ரொப்பெல்லருக்கு அப்படி இல்ல. அதைக் கண்டுபிடிக்க சென்சார் உதவும், ஒத்துக்கறேன். ஆனா பழைய இம்பெல்லரோட நூறு சென்சார் மாட்டினாலும் ஒரு லிட்டர் தண்ணி கூடுதலா நகராது. ஆப் இருந்திருந்தாலும் என் அனிமோன் பிழைச்சிருக்காது. சில ரூபாய் பிளாஸ்டிக் வலை இருந்திருந்தா பிழைச்சிருக்கும்.

நம்ம ப்ராஜெக்ட் எல்லாம் இருக்குற பொருள் மேல இன்னொண்ணை ஒட்டுறதாவே இருக்கு. ஏற்கெனவே இருக்குற பொருள் ஏன் அப்படி இருக்குன்னு கேட்கறதே இல்ல. என் கருத்து இதுதான்: ஏதாவது சேர்க்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. இங்க நிஜமா என்ன தேவை? இந்தப் பொருள் என்ன கொடுக்குது? நடுவுல மிச்சம் எங்க போகுது? இதை மாத்தினா பக்கத்துல யாருக்கு அடிபடும்? முதல் மூணுக்கு பதில் நோட்டுல இருக்கு. நாலாவது கேள்வியை நான் லேட்டா கேட்டேன், அதுக்கு ரெண்டு உயிர் விலையா போச்சு.

யாராவது செஞ்சு பார்க்கப் போறீங்கன்னா: மோட்டாரோட சீல் பண்ண உடம்பை வெட்டாதீங்க, முன்பக்கத்தை மட்டும் மாத்துங்க. உப்புத்தண்ணியும் 230 வோல்ட்டும் விளையாட்டு இல்ல, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாம ப்ளக்கைச் சொருகாதீங்க. கை விடுறதுக்கு முன்னாடி ப்ளக்கைப் பிடுங்குங்க. ஒயர் ப்ளக்குக்குக் கீழ ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேல ஏறட்டும், வழியுற தண்ணி அங்கயே சொட்டிடும். வலையை முதல்ல செய்ங்க, ப்ரொப்பெல்லரை அப்புறம் மாட்டுங்க.

என் பம்ப் இப்பவும் ஓடுது, வலையோட. பாறைக்குப் பின்னாடி குப்பை இல்ல. மிச்சம் இருக்குற கிளௌன் அந்த ஓட்டத்துல எதிர்நீச்சல் போட்டு விளையாடுது. புது அனிமோன் இன்னும் வாங்கல. வலையில எங்கயும் ஓட்டை இல்லன்னு இன்னும் ஒரு மாசம் பார்த்துட்டு வாங்கலாம்னு இருக்கேன்.

இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள நீங்களும் ஏதாவது ஒண்ணைக் கழட்டிப் பாருங்க. டேபிள் ஃபேன், மிக்ஸி, எதா இருந்தாலும் சரி. அம்மாகிட்ட மட்டும் முதல்லயே சொல்லிடுங்க.

– இறுதியாண்டு, மெக்கானிக்கல்