வான்வழித் தூரமும் பிரயாண நேரமும்

திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று வகுப்பில் கேட்கப்படும்போது ஒரே விடைதான் எதிர்பார்க்கப்படுகிறது. உண்மையில் விடை ஒன்றன்று. பூகோள உருண்டையின்மீது நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் கிடைக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 615 கிலோமீட்டர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் செல்லும் மெயில் ரயிலோ 900 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ரயிலைச் சுற்றிப் போகச் செய்கிறது. விமானத்துக்கு அத்தடை இல்லை.

தூரத்தைக் காட்டிலும் நேரத்தைப் பற்றிய கருத்தே அதிகம் திருத்தப்பட வேண்டியது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் இத்தூரத்தை 46 நிமிஷத்தில் கடக்கும் என்று கணக்கு கூறும். ஆயினும் விமானக் கால அட்டவணை சுமார் ஒன்றரை மணி காட்டுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லுதல், மேலெழும்புதல், வேகத்தைக் குறைத்து இறங்குதல் ஆகியவையெல்லாம் அதில் அடங்கும்.

பிரயாணியின் கணக்கு இன்னும் நீளமானது. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலருகே இருந்து புறப்படும் ஒருவர் விமான நிலையம் சேர அரை மணி, அங்குச் சோதனைக்கும் காத்திருப்பதற்கும் இரண்டு மணி, பறப்பதற்கு ஒன்றரை மணி, சென்னையில் பெட்டியைப் பெற்று நகரத்துக்குள் செல்ல ஒரு மணி என்று கொண்டால், ஆக மொத்தம் ஐந்து மணியாகிறது. அவருடைய சராசரி வேகம் மணிக்கு 123 கிலோமீட்டரே. ரயிலில் செல்ல 16 மணி நேரம் ஆவதால் விமானத்தின் அனுகூலம் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அது நினைக்குமளவு பெரிதுமன்று.

இவ்வேறுபாடு சில சமயங்களில் உயிரைப் பற்றியதாகிவிடுகிறது. 2015 ஜூலையில், திருவனந்தபுரத்தில் தானமாகப் பெறப்பட்ட இதயம் ஒன்று கடற்படையின் டார்னியர் விமானத்தில் கொச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எடுக்கப்பட்ட இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்துதல் வேண்டும். சாலை வழியே சென்றால் அந்நேரம் பிரயாணத்திலேயே கழிந்துவிடும். விமானம் இறங்கிய இடமும் கவனிக்கத்தக்கது. அது நகரத்துக்கு வெளியே தொலைவிலுள்ள நெடும்பாசேரி நிலையமன்று. நகரத்தை ஒட்டிய கடற்படைத் தளமாகும். வானில் மிச்சமான நிமிஷங்கள் தரையில் வீணாகாதிருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆகவே, தூரத்தை வேகத்தால் வகுப்பதோடு ஆசிரியர்கள் நிறுத்திவிடலாகாது. தத்தம் ஊரின் பேருந்து நிறுத்தத்திலிருந்து சேருமிடத்தின் வாயில்வரை, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரத்தை மாணவரைக் கொண்டே எழுதிக் கூட்டச் செய்வது நலம். தடுப்பூசி மருந்தையும் ஆய்வுக்குரிய மாதிரிகளையும் குளிர்ப்பெட்டியில் அனுப்பும் கள ஊழியர்களுக்கும் இதுவே பொருந்தும். பெட்டியிலுள்ள பனிக்கட்டி விமானத்தின் வேகத்தை அறியாது. கழிந்த நேரத்தை மட்டுமே அறியும்.