கால்களுக்கும் ஒரு பாடம்

நீலசந்திராவில் மாலை நேரத்தில் நடந்து போனால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்கும். கிரேடு தேர்வுக்கான பாடத்தை ஒரு பிள்ளை விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும். தமிழர்கள் நிறைந்த இந்தப் பெங்களூர்ப் பகுதியில் பியானோ கற்கும் ஆசைக்குக் குறைவில்லை. ஆனால், ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்க ஆள் தேடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கப்பன் சாலை புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் ஒரு பைப் ஆர்கன் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த பீட்டர் கொனாகர் நிறுவனம் தயாரித்து, 1881இல் இங்கே வந்தது. சென்னை எழும்பூர் கர்க் ஆலயத்தின் ஆர்கனும் அதே நிறுவனத்தின் கைவேலைதான். வானொலியில் மேற்கத்திய இசையை வளர்த்த ஹாண்டெல் மானுவல் நெடுங்காலம் வாசித்தது அதில்தான். அவருக்குப் பியானோவும் கைவந்த கலை.

பியானோ தெரிந்தால் போதாதா? போதாது. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டும். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடும், பிறகு தானாகத் தேயும். ஆர்கனில் கட்டை, குழாய்க்குக் காற்று போகும் வழியைத் திறக்கிறது. ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒரே ஒலிதான். விரலை எடுத்தால் அந்தக் கணமே நின்றுவிடும். எனவே அழுத்திய கட்டையை விடாமலே விரல் மாற்றப் பழக வேண்டும். கீழே கால்களுக்கென்று ஒரு வரிசைக் கட்டைகள். குனிந்து பார்க்காமல் அவற்றில் அடிநாதம் வாசிக்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் கஷ்டமான பாடம், சபையோடு மூச்சு விடுவது. ஆர்கனுக்கு மூச்சு முட்டாது, பாடுகிறவர்களுக்கு முட்டும். பாட்டின் ஒவ்வோர் அடி முடிவிலும் கையை எடுக்கத் தெரிய வேண்டும். சபை பின்தங்குகிறதே என்று இவரும் தாமதித்தால் பாட்டு படுத்துவிடும்.

பிரெஞ்சு இசைமேதை செசார் ஃபிராங்கைப் பெரிய பியானோ கலைஞராக்க அவர் தந்தை துடித்தார். மகன் ஆலயத்தின் பக்கம் திரும்பினார். கால் பழக, வீட்டிலேயே பயிற்சிப் பலகை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். 1858இல் பாரிஸின் செயிண்ட் குளோடில்ட் ஆலயத்தில் ஆர்கன் கலைஞரானவர், 1890இல் இறக்கும்வரை அந்த இருக்கையை விடவில்லை.

நம் பிள்ளைகளுக்கு அந்தப் பலகைக்கு எங்கே போவது? பியானோ மாணவனின் வாத்தியம் வீட்டில் இருக்கிறது. ஆர்கன் மாணவனின் வாத்தியம் பூட்டிய ஆலயத்துக்குள் இருக்கிறது. பழுது பார்க்கவும் வர்ணம் பூசவும் நன்கொடை திரட்டும் சபைகள், வாசிக்க ஒருவரை உருவாக்கவும் கொஞ்சம் மெனக்கெடலாம். வாரத்தில் இரண்டு மாலைகள் ஆலயத்தைத் திறந்து, மாடியில் கீபோர்டு தட்டும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும்.