எரிந்தது போக எஞ்சியவை

புத்தகக் கண்காட்சிகளில் தன்னம்பிக்கை நூல்களுக்குக் கூட்டம் குறைவதே இல்லை. விழுந்தால் எழு, துவண்டால் துள்ளு என்று ஒரே ஆள் பக்கம் பக்கமாக உபதேசம் செய்வார். ஆனால் துன்பத்தைத் தாண்டுவதற்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்பவருக்கு ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பைத்தான் கொடுக்க வேண்டும்.

ஈழத்துக் கவிஞர்கள் 31 பேரின் 82 அரசியல் கவிதைகள் கொண்ட இந்நூல் 1985-இல் வந்தது. தொகுத்தவர்கள் சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராஜன். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டுச் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. இரண்டே ஆண்டில் 1983 ஜூலைப் படுகொலைகள். அந்தச் சூடு ஆறுமுன் உருவான தொகுப்பில் ஆறுதல் மொழி தேடினால் ஏமாற்றம்தான்.

அந்தத் தலைமுறை எப்படி எழுதியது என்பதற்கு எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ கவிதை ஒன்று போதும். நூலகப் படிக்கட்டருகே சுடப்பட்டுக் கிடப்பவர் புத்தர். சாதாரண உடையில் வந்த காவலர்களே கொன்றிருக்கிறார்கள்; புத்தகங்களை அடுக்கி அந்த உடலையும் எரிக்கிறார்கள். ஒப்பாரி இல்லை, சாபம் இல்லை. அழுவதற்கு மட்டுமல்ல, எள்ளி நகைக்கவும் தெம்பு மிச்சமிருந்தது.

பல பேர் எழுத்தை ஒன்றாகத் தொகுப்பதற்கு ஒரு பயன் உண்டு: எழுதியவர் போனாலும் எழுத்து தங்கும். 1986-இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ வெளியிட்டது: பத்துப் பெண்கள், 24 கவிதைகள். அவர்களில் ஒருவரான சிவரமணி 1991 மே மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குமுன் கைவசமிருந்த கவிதைகளையெல்லாம் எரித்துவிட்டார். அச்சேறியவையும் நண்பர்களிடம் இருந்தவையுமே பிழைத்தன. கவிஞர் செல்வியை அதே ஆண்டு விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர், அவர் திரும்பவில்லை. பிழைத்தவர்களின் வெற்றிக்கதைகளை மட்டும் அடுக்கும் நூல்களில் இவர்களுக்கு இடம் கிடைக்காது.

குறையே இல்லாத தொகுப்புகள் என்று சொல்வதற்கில்லை. 1990-இல் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் துயரம் இவற்றுக்குப் பிந்தியது. அதை எழுதியவர்களையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும். நம் ஊர் நூலகங்கள் தன்னம்பிக்கை வரிசையில் இரண்டைக் குறைத்துக்கொண்டு இவற்றை வாங்கி வைக்கலாம். அதுவரை, ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் ‘நூலகம்’ இணையக் காப்பகத்தில் காசில்லாமலே படிக்கலாம்.