பிணத்துக்கு லட்சம், உயிருக்கு என்ன?

பட்டாசு ஆலை வெடித்ததும் ஒரு சடங்கு நடக்கிறது. மந்திரிகள் அனுதாபம் தெரிவிக்கிறார்கள். நஷ்டஈடு அறிவிக்கிறார்கள். பிறகு அடுத்த வெடி வரை மௌனம்!

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் குறைந்தது 38 பேர் மாண்டனர். காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். வெந்தவர்களை ஏற்றிய வண்டிகள் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு ஓடின. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்தபோது, செத்தவர் குடும்பத்துக்கு மத்திய சர்க்கார் 2 லட்சம், மாநில சர்க்கார் 3 லட்சம் என்று அறிவித்தன. கொடுக்கட்டும், இன்னும் கூட்டியே கொடுக்கட்டும். நாம் கேட்பது இதுதான்: வெந்து உயிரோடு கிடந்தவனுக்கு முதல் எட்டு மணி நேரத்தில் என்ன கொடுத்தீர்கள்?

தீக்காயம் தோலோடு நிற்பதில்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது, ரத்த ஓட்டம் தளர்கிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது. 50 கிலோ எடையுள்ள தொழிலாளிக்கு உடம்பில் நூற்றுக்கு 40 பங்கு வெந்தால், டாக்டர்கள் நெடுங்காலமாகக் கையாளும் பார்க்லண்ட் கணக்குப்படி 24 மணி நேரத்தில் சுமார் 8 லிட்டர் திரவம் நரம்பு வழியே ஏற வேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்தக் கடிகாரம் தீப்பிடித்த நொடியிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. வண்டி தேடிய நேரம், சீட்டு எழுதிய நேரம், மதுரை ரோட்டில் கழிந்த நேரம் எல்லாம் அவன் கணக்கில்தான் பற்று!

"தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று சிலர் சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும். அஜாக்கிரதைக்கு மரண தண்டனை விதிக்க எந்தச் சட்டம் சொல்கிறது?

பட்டாசோடு முடியவில்லை. எங்கள் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் மழை பொய்த்தால் சீமைக்கருவேலும் கரிமூட்டமும்தான் கஞ்சி ஊற்றுகின்றன. மண் பூசிக் காற்றை அடைத்து விறகை வேகவைக்கும் தொழில் அது. அப்படி எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக அது ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவியோ, அந்த நஞ்சையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல கணக்குக் காட்டும்! வெறும் காற்றில் பாதி நஞ்சு இறங்க 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். மூக்கில் கரி, கம்மிய குரல் என்றால் தொண்டை வீங்கப்போகிறது என்று பொருள். அடைப்பதற்கு முன்பே குழாய் போட வேண்டும்.

சட்டமோ, 500 பேருக்கு மேல் வேலை செய்தால்தான் ஆம்புலன்ஸ் அறை என்று 1948-ல் சொன்னது. 2020-ல் வந்த புதிய தொகுப்பும் அதே 500-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரிமூட்டத்தில் நாலு பேர், பட்டாசு ஷெட்டில் நாலு பேர். தீ ஆள் கணக்குப் பார்த்தா பிடிக்கிறது?

2022-ல் விருதுநகரில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், நல்லதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதையும் நாம் குறை சொல்லவில்லை. திரவம் ஏற்றாமல், ஆக்சிஜன் வைக்காமல், மூச்சுக்குழாயைப் பாராமல் அனுப்புவதையே எதிர்க்கிறோம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவு பகலாக இம்மூன்றுக்கும் பழகிய ஆள் வேண்டும். ஒவ்வொரு ஆலையிலும் மூட்டத்திலும் தண்ணீரும் சுத்தமான துணியும் வேண்டும். வெந்த இடத்தில் 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். மையும் பற்பசையும் சாம்பலும் கூடாது. தோல் ஒட்டு வைத்தியமும், மடங்கிய விரல் நிமிரும் வரை பயிற்சியும், அத்தனை மாதமும் கூலியும் வேண்டும்.

தோழர்களே! அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: "இன்று இரவு 2 மணிக்கு ஒருவன் வெந்து வந்தால், நம் சுகாதார நிலையத்தில் திரவம் ஏற்ற ஆள் உண்டா, ஆக்சிஜன் உண்டா?" பதிலை எழுத்தில் வாங்காமல் உட்காராதீர்கள்.