தோட்டாவுக்குள் ஒரு வேதியியல் பாடம்

மாணவர்களே, தீபாவளி நெருங்கினால் நீங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், எந்த மருந்துக்குப் பவர் அதிகம்?" கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து.

அமெரிக்கா போன்ற சில நாடுகளில் வேட்டைக்காரர்கள் ரைஃபிள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். (நம் நாட்டில் அனுமதியின்றித் தோட்டாவை வைத்திருந்தாலே குற்றம், 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படி.) அவர்கள் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது அது எரியும் வேகத்தை. ரைஃபிளின் குழல் நீளம், குண்டும் கனம். ஆகவே மருந்து நிதானமாக எரிந்து, குண்டு குழலில் ஓடும்போதும் வாயுவைத் தந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கைத்துப்பாக்கியின் குழலோ குட்டை. அதற்கு வேகமாக எரியும் மருந்து.

இரண்டையும் மாற்றிப் போட்டால்? கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் தோட்டாவில் நிரப்பினால், குண்டு சற்று நகர்வதற்குள் வாயு முழுவதும் உண்டாகிவிடும். சாதாரணமாகவே ரைஃபிளுக்குள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 3,000 மடங்கைத் தாண்டும். அதற்கும் மேலே போனால் எஃகு பிளக்கும். பிளக்கும் இடம் சுடுபவரின் முகத்துக்கு அருகில். அதனால்தான் அவர்கள் நிறத்தையோ தோற்றத்தையோ பார்த்து மருந்தை முடிவு செய்வதில்லை. தயாரிப்பாளரின் அட்டவணை சொல்வதை மீறுவதுமில்லை.

வேகத்தை மாற்றும் வழிகளில் ஒன்று படிவம் நான்கில் 'காடார் திண்டாக் பாலாஸ்' என்று நீங்கள் படிப்பதேதான்: மேற்பரப்பு. தமிழ்நாட்டில் நீலகிரி அருவங்காட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு கார்டைட் தொழிற்சாலை அமைந்தது. கார்டைட் என்பது புகை குறைந்த வெடிமருந்து. பெயருக்கேற்பக் கயிறு போன்றது. ரைஃபிளுக்கு மீகூன் போல மெல்லிய இழைகள், பெரிய பீரங்கிக்குத் தடித்த கயிறுகள். மருந்து ஒன்றே. தடித்த கயிறு வெளியிலிருந்து உள்நோக்கி எரிந்து முடிய நேரமாகும், அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் இராணுவமே இதில் அடிபட்டிருக்கிறது. 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கி கரிமருந்துக்காகச் செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் தோட்டாவில் கார்டைட் வந்தது. அதன் கடும் வெப்பத்தில் குழலுக்குள் இருந்த ஆழமற்ற வரிப்பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்தன. 1895-இல் வரிப்பள்ளங்களின் வடிவத்தை மாற்றி லீ-என்ஃபீல்டைக் கொண்டு வந்தார்கள். பிறகு கார்டைட்டின் சூட்டைத் தணிக்க அதன் கலவையையும் மாற்றினார்கள்.

இப்போது நம் சிம்பாங் அம்பாட் பக்கம் வருவோம். பட்டாசுகளைப் பிரித்து, மருந்தைக் கொட்டி, இரும்புக் குழாயிலோ டின்னிலோ அடைத்துப் பார்க்கும் ஆசை உங்களில் சிலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். பட்டாசு மருந்து எதையும் தள்ளுவதற்காகச் செய்ததல்ல. நொடியில் எரிந்து தாளைக் கிழிப்பதற்காகச் செய்தது. தாள் கிழிந்தால் சத்தம். இரும்பு கிழிந்தால் விரல் போகும், கண் போகும். "தொடாதே" என்று மட்டும் பெரியவர்கள் அதட்டுவது போதாது என்றே நினைக்கிறேன். ஏன் என்றும் சொல்ல வேண்டும். நீங்கள் புரிந்துகொள்ளக்கூடியவர்கள்.

வேகத்தைக் கண்ணால் பார்க்க நெருப்பே வேண்டாம். தண்ணீரில் நுரைக்கும் வைட்டமின் சி மாத்திரை இரண்டு வாங்குங்கள். ஒன்றை முழுதாகவும், மற்றதைப் பொடித்தும், ஒரே அளவு தண்ணீர் உள்ள இரு திறந்த கிளாஸ்களில் போடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, நுரை அடங்கும் நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்.