ஊரெல்லாம் கொண்டாடும் புத்தகம்

அந்தியூரில் குருநாத ஸ்வாமியின் ஆடித் திருவிழாவும் குதிரைச் சந்தையும் கூடுகிற பருவத்தையொட்டியே, 2005-இல் தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழாவும் நடந்து வருகிறது. அங்கே கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கும் 'பொன்னியின் செல்வ'னை ஆவலோடு வாங்கிச் சென்று, முதல் பாகத்தையே முடிக்க மனம் ஓடாமல் மூடி வைத்துவிட்டு, வெளியே சொன்னால் தமிழ் ரஸனை அற்றவன் என்பார்களோ என்று கூசுகிற இளைஞர்கள் நம் பக்கத்தில் அநேகர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். அந்த நாவலின் வசீகரம் நமக்கும் எட்டவில்லை.

அதை எழுதிய கல்கியின் அபாரமான கதைத் திறனை நாம் மறுக்கவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் மணியத்தின் சித்திரங்களோடு வெளிவந்த அத்தொடரை, பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து நூல் கோத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ; பின்பக்கத்தில் பாதி வெட்டுண்ட விளம்பரத்தோடு பழுப்பேறிய அத்தகைய தொகுப்பைப் புரட்டும்போதுதான், அதன் இன்பத்தில் பெரும்பங்கு இதழுக்கும் இதழுக்கும் நடுவேயிருந்த காத்திருப்பில் அடங்கியிருந்தது என்பது விளங்குகிறது. அத்தியாய முடிவில் விழுந்த முடிச்சை ஏழு நாளும் திண்ணையில் பேசி அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இருந்த ஸ்வாரஸ்யம், ஐந்து பாகங்களையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பவனுக்கு எப்படிக் கிட்டும்?

அந்த வசீகரம் நமக்கு எட்டாததற்கு நம் மண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மீது வரும் காட்சியைவிட, ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளில் கணவனை இழந்த ஒருத்தி, கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்க நெஞ்சுக்குள் குமுறுவதே நம்மை உலுக்குகிறது. 1942-இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவலில், நம் காட்டுக்காரர்கள் கிணற்று மேட்டில் பேசுகிற பேச்சே அச்சேறியிருக்கிறது. பங்காளிச் சண்டையில் வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்காகத் தலைமுறைக்கும் பேச்சற்றுப் போன வீடுகளை அறிந்த எவரும் அதை எளிதில் கீழே வைக்க மாட்டார்.

ஷண்முகசுந்தரத்தைப் போற்றிய விமரிசகர் க.நா.சு., கல்கியின் ஜனரஞ்சக எழுத்தை இலக்கியமென ஏற்க மறுத்தார். அவருடைய தைரியத்தை வணங்குகிறோம். ஆயினும், லக்ஷக்கணக்கானோரின் அபிமானத்தைத் துச்சமாக எண்ணுவதில் நமக்குச் சம்மதமில்லை. அடுப்படியிலும் வயலிலும் உழைத்த எத்தனையோ பேரைப் படிப்பின் பக்கம் இழுத்து வந்தவர் கல்கி. ஆனால் தலைகளை எண்ணி ஒரு நூலின் தரத்தை நிர்ணயிப்பதும் தகாது. நம் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர், கூட்டம் எதைச் சூழ்ந்து நிற்கிறது என்று பார்ப்பதில்லை. சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, தம் கண்ணை நம்பியே விலை பேசுகிறார்.

1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபோது கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் நம் கொங்கு நாட்டவர். அச்சட்டத்தின் பயனாய் எழுந்த நம் வட்டார நூலகங்களின் நூலகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: 'பொன்னியின் செல்வன்' இருக்கும் அதே அலமாரியில், கண்ணில் படும்படி 'நாகம்மா'ளையும் வையுங்கள். பாதியில் மூடிய புத்தகத்தைத் திருப்பித் தர வரும் பிள்ளையை ஏளனம் செய்யாமல், எந்த இடத்தில் மனம் விலகியது என்று பரிவோடு கேட்டு, அடுத்ததை எடுத்துக் கொடுங்கள்.